மறுமணமும் மாசப் பணமும்

ஊத்துக்குளி, குன்னத்தூர், செங்கப்பள்ளி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கல்யாணம் முறிந்துவிட்டது, ஒருவரோ இருவருமோ மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள், நடுவில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு மாசாமாசம் வர வேண்டிய பணம் என்ன ஆகும்? எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, பதில்களை மட்டும் பட்டென்று தருகிறேன்.

ஒரு வாசகி, ஊத்துக்குளி ஆர்.எஸ்.
கேள்வி: விவாகரத்து ஆன பிறகு அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கிட்டாருங்க. புது சம்சாரம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், நல்ல சம்பளம். என் பையனுக்கு வருகிற 5,000 ரூபாயைக் கூட்டிக் கேட்கும்போது அந்தம்மா சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவாங்களா?

போட மாட்டார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு (2024 ஜூலை வரை இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) வசதியிருந்தும் தன் குழந்தையைக் கவனிக்காதவரைத்தான் பிடிக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் பெற்றவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பெண் உங்கள் பையனைப் பெற்றவரும் இல்லை, தத்தெடுத்தவரும் இல்லை.

ஆனாலும் அவர் சம்பளம் உங்களுக்கு ஒரு வகையில் உதவும். வாடகையையும் மளிகையையும் பாதிப் பாதி ஏற்க வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது, “குடும்பம் நடத்தவே பத்தலீங்க” என்று உங்கள் முன்னாள் கணவர் கோர்ட்டில் சொன்னால் அது நிற்காது. அந்த அம்மாவிடம் பணம் கேட்காதீர்கள். அவர் சம்பளம் இருப்பதால் இவர் கையில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கேளுங்கள். உத்தரவை மாற்றச் சொல்லும் மனு 146-ஆம் பிரிவில் வரும். பையன் எத்தனாம் வகுப்புக்குப் போயிருக்கிறான், ஃபீஸ், வேன், டியூஷன் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை ரசீதோடு வையுங்கள். டியூஷன் ஆடம்பரம் என்று அவர் தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020 நவம்பர் 4) கூடுதல் பயிற்சி வகுப்புச் செலவையும் குழந்தையின் செலவில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு டெய்லர், செங்கப்பள்ளி
கேள்வி: என் முன்னாள் மனைவி மறுமணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்குச் சொந்தமாக நிட்டிங் யூனிட், வீட்டில் கார். நான் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன், மாசம் 18,000 வந்தால் பெரிசு. வசதியான வீட்டில் வளர்கிற பொண்ணுக்கு நான் ஏன் கட்டணும்?

தம்பி, உங்கள் உத்தரவில் இரண்டு தொகை இருக்கும்: மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மனைவிக்கானது மறுமணத்தோடு முடிகிறது. மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான பெண்தான் 144-ஆம் பிரிவில் ‘மனைவி’. மறுமண நாளிலிருந்தே அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ போதும். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், கோர்ட் நிறுத்தட்டும்.

மகளுக்கானது அப்படியே நிற்கும். யூனிட்காரர் அவளுக்குச் சோறு போடுவது அவருடைய நல்ல மனசு, சட்டப்படி அவருக்குக் கடமை எதுவும் இல்லை. நாளைக்கு ஆர்டர் குறைந்து யூனிட் நின்றுபோனால், “உன் அப்பன்கிட்ட கேளு” என்று அந்த வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பிள்ளை யாரைப் பார்க்கும்? அவளுடைய இனிஷியலில் இருப்பது நீங்கள். தொகை உங்கள் சக்திக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் காரணம் உங்கள் சம்பளமாக இருக்க வேண்டும், அவருடைய காராக இருக்கக் கூடாது.

ஒரு வாசகி, குன்னத்தூர்
கேள்வி: நான் இரண்டாவது தாரம். ஓவர்லாக் டெய்லர். அவர் முதல் சம்சாரத்து பையனுக்கு 6,000 கட்டணும், மூணு மாசமாகக் கட்டலை. சனிக்கிழமை என் கைக்கு வருகிற சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்களா? எனக்கும் ஒரு குழந்தை இருக்குங்க.

உங்கள் சம்பளத்தில் யாரும் கை வைக்க முடியாது. அவர் கட்டாவிட்டால் அபராதம் வசூலிக்கிற முறையில் அவருடைய சொத்தில்தான் வசூல் நடக்கும். அதுவும் பலிக்காவிட்டால் நிலுவையாக உள்ள ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரை சிறை போக வேண்டியது அவர்தான். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: உங்கள் சம்பளத்தை அவரோடு கூட்டுக் கணக்கில் போடாதீர்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு, வாங்குகிற தையல் மிஷினுக்கு உங்கள் பெயரில் பில். இது தந்திரம் இல்லை, உங்கள் உழைப்பு உங்களுடையது என்பதற்கு ஆதாரம்.

உங்கள் குழந்தையைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளும். கல்யாண் டே சௌத்ரி வழக்கு என்று மேற்கு வங்கத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒன்று. முதல் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து மாசம் 23,000 என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் நிர்ணயித்திருந்தது. கணவர் மறுமணம் செய்து, அதிலும் ஒரு குழந்தை. 2017 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி எழுதியது. இரண்டாவது குடும்பத்தையும் அவர் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால் தொகை 20,000 ஆகக் குறைந்தது.

குறைந்தது எவ்வளவு என்று பாருங்கள்: 3,000 ரூபாய். புதுக் குடும்பம் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய குழந்தையின் பங்கு காணாமல் போகவில்லை. எனவே உங்கள் வீட்டுக்காரரிடம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்துச் சொல்லுங்கள், மூணு மாச நிலுவையைக் கட்டச் சொல்லி. அந்தப் பையன் உங்கள் குழந்தைக்கு அண்ணன்.

ஒரு கட்டிங் மாஸ்டர், விஜயமங்கலம்
கேள்வி: சம்பளத்தில் 25 சதவீதம்தான் ஜீவனாம்சம் என்று சட்டம் இருக்கிறதாமே?

சட்டம் இல்லை. மேலே சொன்ன கல்யாண் டே சௌத்ரி வழக்கில் மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 1970-ஆம் வருஷத் தீர்ப்பு ஒன்றைக் காட்டிச் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் விகிதம் பேசுகிறோம். குழந்தைக்கு இந்தியாவில் விகித அட்டவணை எதுவும் கிடையாது. குழந்தையின் தேவையும் பெற்றவரின் சக்தியும்தான் அளவு.

ஒரு வாசகி, ஊத்துக்குளி
கேள்வி: நானும் வேலைக்குப் போகிறேன், செக்கிங் சூப்பர்வைசர். ‘நீயும் சம்பாதிக்கிறாயே’ என்று பணம் தர மறுக்கிறார்.

நீங்கள் சம்பாதிப்பதால் அவர் கடமை தீராது, பங்குதான் மாறும். பத்மஜா சர்மா வழக்கில் (2000) அப்பாவின் சம்பளம் அம்மாவுடையதைப் போல இரண்டு மடங்கு. குழந்தைகளின் செலவை 2:1 என்று பிரித்தது உச்ச நீதிமன்றம். ஒரு பங்கு உங்களுடையது, மறுக்காதீர்கள். இரண்டு பங்கை விடாதீர்கள்.

பெயர் வேண்டாம், ஊத்துக்குளி
கேள்வி: பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து நடத்தினார். நான் கேஸ் போட்டதும் யூனிட்டைப் புதுப் பெண்டாட்டி பெயருக்கு மாத்திட்டு, ‘நான் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன், மாசம் 9,000’ என்று கோர்ட்டில் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

நம் பகுதியிலிருந்து வரும் கடிதங்களில் எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த வகைக் கடிதத்தைப் படிக்கும்போதுதான். இருபது மிஷின் ஓடுகிற இடத்தில் முதலாளியாக நின்று வேலை வாங்கியவர், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கூலிக்காரராகிவிடுகிறார்.

புதுச் சம்சாரத்தின் வருமானத்தைக் குழந்தைக்குச் சேர்க்க மாட்டார்கள் என்று முதல் பதிலில் சொன்னேன். அது அவர் உண்மையாகவே சம்பாதிக்கிற பணத்துக்கு. அவர் பெயரை ஒட்டிவைத்து உங்கள் முன்னாள் கணவர் சம்பாதிப்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் தொழில் செய்கிறவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. எதிர்த்தரப்பின் வருமானம், சொத்து பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும் ஒரு பகுதி உண்டு. அதைக் காலியாக விட்டுவிடுகிற பெண்கள்தான் அதிகம். நீங்கள் விடாதீர்கள். எந்த கம்பெனிக்கு ஜாப் ஒர்க் போனது, எத்தனை பேட்லாக், எத்தனை ஓவர்லாக், யாருடைய கட்டடம், மாசம் என்ன வாடகை, பழைய விசிட்டிங் கார்டு, டெலிவரி சலான், சனிக்கிழமை அவர் போனிலிருந்து டெய்லர்களுக்குப் போன ஜிபே கணக்கு, எல்லாம் அங்கே வரட்டும்.

இன்னொன்று. ஜாப் ஒர்க் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், பதிவு யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து என்று யாரும் பார்க்கலாம். புதுப் பதிவின் தேதியையும் உங்கள் மனுவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் வக்கீலிடம். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்லியிருந்தால் பொய்ச் சாட்சிக்கான நடவடிக்கையையும் கேட்கலாம்; அதே தீர்ப்பில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒரு வாசகி, பெருந்துறை
கேள்வி: வேலையை விட்டுட்டு வீட்டில் இருக்கார். புது சம்சாரம் சம்பாதிச்சுப் போடுறாங்க. ‘எனக்கு வருமானமே இல்லை’ என்கிறார்.

கை கால் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் வருமானம் இல்லை என்ற பதில் செல்லாது. அஞ்சு கார்க் வழக்கில் (2022 செப்டம்பர்) தொழில் போய்விட்டது என்று சொன்ன கணவருக்கு, உடலுழைப்பு செய்தாவது சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது உச்ச நீதிமன்றம். மகனுக்கான 6,000-க்கு மேல் மனைவிக்கு 10,000 தரவும் உத்தரவிட்டது. உங்கள் ஊரில் வேலைக்கு ஆள் தேவை என்று கம்பெனி வாசல்களில் தொங்கும் போர்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு வாசகர், திருப்பூர்
கேள்வி: பிஎஃப், சீட்டு, பைக் லோன் எல்லாம் போகக் கையில் நிற்பது 4,000-தான்.

பிஎஃப், இஎஸ்ஐ சட்டப்படி பிடிப்பது, கழியும். சீட்டு உங்கள் சேமிப்பு. பைக் லோன் நீங்கள் விரும்பி வாங்கியது. இரண்டும் குழந்தைக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். தீபாவளி போனஸும் வருமானம்தான் என்பதை எழுத மறந்துவிட்டீர்கள்.

ஒரு வாசகி, கோபி
கேள்வி: அவரும் நானும் முஸ்லிம். எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். 144-ஆம் பிரிவுக்கு மதம் கிடையாது. விவாகரத்தான முஸ்லிம் தம்பதியின் குழந்தைகளுக்கும் அப்பாவிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமை உண்டு என்று நூர் சபா கத்தூன் வழக்கில் 1997-லேயே தீர்ந்துபோன விஷயம்.

ஒரு வாசகி, ஊத்துக்குளி
கேள்வி: பரஸ்பர விவாகரத்தில், எப்படியாவது விட்டால் போதும் என்று ‘எனக்கும் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டுட்டேன். இப்போ நான் மறுமணம் பண்ணப் போறேன். இனிமேல் கேட்கவே முடியாதா?

உங்களுக்குரியதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்க அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் இல்லை. குழந்தைக்காக மனுப் போடுங்கள். மறுமணத்துக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம்.

மறுமணத்துக்கு என் வாழ்த்து. வரப்போகிறவர் குழந்தையைத் தன் பிள்ளையாகவே தத்தெடுக்க விரும்பினால் அது பெரிய மனசு. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பெற்ற அப்பா உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். தத்து முடிந்ததும் அந்தப் பக்கத்து உறவும் அவரிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையும் அறுந்துவிடும். தத்தெடுக்காமல் அன்பாக வளர்த்தால் எதுவும் அறுவதில்லை.

ஒரு மாணவி, குன்னத்தூர்
கேள்வி: எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. காலேஜில் சேர்ந்திருக்கேன். அப்பா புதுக் குடும்பத்தோடு இருக்கார். ‘இனிமேல் நான் தர வேண்டியதில்லை’ என்கிறார்.

144-ஆம் பிரிவை வைத்துச் சொல்கிறார், அது மட்டும்தான் அவருக்குத் தெரியும். 1956-ஆம் வருஷச் சட்டத்தின் 20(3), தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத கல்யாணமாகாத மகளைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அபிலாஷா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. சிவில் வழக்காகப் போட வேண்டும். படிப்பை நிறுத்தாதே கண்ணு.

மகன்களுக்கு இப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால் விவாகரத்து ஒப்பந்தம் எழுதுகிற பெற்றோர்களே, பையனின் காலேஜ் ஃபீஸ் யார் கட்டுவது என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு வாசகர், அவிநாசி
கேள்வி: என் தம்பி லண்டனில் இருக்கான். அங்கே எப்படி?

அங்கே விகித அட்டவணை இருக்கிறது. அடிப்படை விகிதத்தில் ஒரு குழந்தைக்கு மொத்த வருமானத்தில் 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. புது மனைவியின் சம்பளம் சேராது. ஆனால் அவருடைய புது வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்தால், முதலில் அவர் வருமானத்தில் 11 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு. கலிபோர்னியாவிலும் புதுத் துணையின் வருமானத்தைப் பார்ப்பதில்லை, பார்க்காமல் விட்டால் குழந்தைக்குப் பெரும் கஷ்டம் வரும் என்கிற அபூர்வ நிலை தவிர. இப்படி அட்டவணை இங்கும் வந்தால் நல்லது என்பது என் கருத்து. பாதிச் சண்டை குறையும்.

ஒரு பாட்டி, ஊத்துக்குளி (பேரன் எழுதிக்கொடுத்தது)
கேள்வி: மகளும் மருமகனும் பிரிஞ்சு, ரெண்டு பேரும் வேற வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க சாமி. பேரன் என்கிட்ட இருக்கான், ஏழாவது படிக்கிறான். ரெண்டு எருமை வெச்சு, வெண்ணெய் எடுத்துக் குடுத்துத்தான் ஓட்டறேன். அவங்கவங்க புது வீட்டில் ‘முடியாது’ங்கறாங்களாம். நான் யார்கிட்ட கேக்கட்டும்?

அம்மா, ரெண்டு பேரிடமும் கேளுங்கள். மகளிடம் கேட்க உங்களுக்குத் தயக்கமாக இருக்கும், தெரியும். ஆனால் 1956-ஆம் வருஷச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அப்பாவை மட்டும் சொல்லவில்லை, அம்மாவையும் சொல்கிறது. சிறுவன் இருவரிடமும் கேட்கலாம். அவன் சின்னப் பிள்ளை என்பதால் அவனைப் பார்த்துக்கொள்கிற நீங்கள் அவன் சார்பில் மனுப் போடலாம். மருமகனின் புதுச் சம்சாரமோ மகளின் புது வீட்டுக்காரரோ ‘முடியாது’ என்று சொல்ல அவர்களை யாரும் கேட்கவே இல்லை. கேட்பது பெற்ற இரண்டு பேரை.

வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்று நினைக்காதீர்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திருப்பூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பேரனை விட்டு 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் அவன் படிக்கிறதற்குச் சான்று, அவன் உங்களோடு இருப்பதைக் காட்டும் ரேஷன் கார்டு, ஆதார், பெற்றவர்கள் வேலை பார்க்கிற கம்பெனிப் பெயர்கள், இவ்வளவு கையில் இருந்தால் போதும். வழக்கு முடியும் வரை இடைக்காலத் தொகையும் கேளுங்கள். அந்த மனுவை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடுமான வரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு வாசகி, செங்கப்பள்ளி
கேள்வி: உத்தரவு வாங்கியாச்சு. பத்து மாசமாக ஒரு பைசா வரலை. ‘ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீர்ந்திடும்’ என்று சொல்லிட்டுத் திரியறார். பணம் வராததால் பொண்ணை அவர்கிட்ட காட்டறதில்லை.

முதலில் கடைசி விஷயம். பொண்ணைக் காட்டுங்கள். பணம் வேறு, அப்பாவைப் பார்க்கிற உரிமை வேறு. அந்த உரிமை பொண்ணுக்கும் உண்டு. நீங்கள் மறுத்தால் அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

ஜெயிலுக்குப் போனால் கடன் தீராது. குல்தீப் கவுர் வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிறை என்பது கட்டவைப்பதற்கான வழி, கட்டியதற்குச் சமம் இல்லை. வெளியே வந்த பிறகும் முழு நிலுவையும் அவர் தலையில் இருக்கும்.

அவசரமான விஷயம் இன்னொன்று இருக்கிறது. 144-ஆம் பிரிவில் ஒவ்வொரு மாசத் தொகையும் விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டாக வேண்டும். உங்களுக்குப் பத்து மாசம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாசம் போனால் முதல் மாசத் தொகைக்கு வாரண்ட் கேட்கிற வழி அடைபடும், அதற்கடுத்த மாசம் இரண்டாவது தொகைக்கு. வருகிற திங்கட்கிழமை அரை ஷிப்ட் லீவு சொல்லிவிட்டு, உத்தரவு நகலையும் பாங்க் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் மனுவைப் போட்டுவிடுங்கள்.